கிரவுன் பினியன் மாற்றிய பிறகு: ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் காரில் அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது

கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை பக்கம் பழைய ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்களுக்குச் சில மாதங்களில் ஓர் ஆசை வரும். வண்டி மேட்டில் இன்னும் துள்ளி ஏற வேண்டும், பிக்கப் கூட வேண்டும், அதற்குக் கியர் ரேஷியோவை மாற்றிவிடலாம் என்பதே அது. ஆட்டோமேட்டிக்கில் இதற்கு நடைமுறையில் ஒரே வழி பின் டிஃபரன்ஷியலில் (பின் சக்கரங்களுக்கு இயக்கத்தைப் பிரித்துத் தரும் பெட்டி) உள்ள கிரவுன் பினியனை, அதாவது பெரிய பல்வட்டமும் அதை ஓட்டும் சிறு பல்சக்கரமும் சேர்ந்த ஜோடியை, மாற்றுவது. கியர்பாக்ஸுக்குள் கை வைக்க முடியாது. மஸ்டாங் ஜிடி-யில் 2016-ல் இந்தியாவுக்கு வந்த 6 ஸ்பீடு பெட்டியையே பாருங்கள். அதில் ஒரு தனிக் கோள் பல்சக்கரத் தொகுதியும் அதன் பின்னால் ஓர் இணைத் தொகுதியும் சேர்ந்து ஆறு கியர்களைத் தருகின்றன. ஒரு பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையை மாற்றினால் மூன்று நான்கு கியர்கள் ஒன்றாக நகரும். மேனுவல் பெட்டி மாதிரி ‘மூன்றாவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக் கொடு’ என்று கேட்க அங்கே இடமில்லை.

மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டே இடத்தில் பிறக்கின்றன. ஒன்று, புது ரேஷியோவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லாதது. இன்னொன்று, பல் பொருத்தத்தை அளக்காமல் கண்ணால் பார்த்து மூடியது. எது எதனால் வந்தது என்று பிரிக்கத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். சரியாக இருக்கும் கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்க்கும் தண்டச்செலவு இதில் அடிக்கடி நடக்கிறது.

கீழே உள்ள எண்கள் எல்லாம் அந்த மஸ்டாங்கின் பெட்டிக்கு (ஒன்று முதல் ஆறு வரை கியர் ரேஷியோ 4.17, 2.34, 1.52, 1.14, 0.87, 0.69), 275/40 ஆர்19 பின் டயருக்கு, கிரவுன் பினியன் ரேஷியோ (கிரவுனின் ஒரு சுற்றுக்குப் பினியன் சுற்றும் எண்ணிக்கை) 3.15-லிருந்து 3.55-க்கு மாறுவதாக வைத்துப் போட்டவை. உங்கள் கார் வேறு என்றால் கணக்கு அதேதான், எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், உள்ளே இருப்பது என்ன என்று உறுதி செய்யுங்கள்

விற்றவர் சொன்ன ரேஷியோவை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், நியூட்ரலில் போடுங்கள். ப்ரொப்பலர் ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் தண்டு) சாக்குக்கட்டியால் ஒரு கோடு, சக்கரத்தில் ஒரு கோடு. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் தனியாக வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் வகை) என்றால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஒரு முழுச் சுற்றுக்கு ஷாஃப்ட் மூன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் வந்தால் 3.55. சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு சுற்று சுற்றுங்கள், அதுதான் கிரவுனின் ஒரு சுற்று. பத்துச் சுற்று சுற்றி எண்ணிப் பத்தால் வகுத்தால் பிழை குறையும்.

டிஃபரன்ஷியல் ஹவுசிங் (வெளிக்கூடு) திறந்திருந்தால் பல் எண்ணுவதே நிச்சயம்: கிரவுனில் 41, பினியனில் 13 என்றால் 3.15. 39-க்கு 11 என்றால் 3.55. 41-க்கு 11 என்றால் 3.73. இந்த ஜோடிகளில் பல் எண்ணிக்கை ஒன்றையொன்று வகுக்காது. அதனால் ஒரே பல் ஒரே பல்லோடு திரும்பத் திரும்ப மோதாமல் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவுகிறது.

3.55-ஆ, 3.73-ஆ என்ற தயக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்த டயரின் சுற்றளவு காகிதத்தில் சுமார் 2.2 மீட்டர். 6,500 ஆர்பிஎம்மில் இரண்டாம் கியர் 3.15-ல் சுமார் 117 கி.மீ. வரை போகும், 3.55-ல் சுமார் 103, 3.73-ல் 98-ஐ ஒட்டி. வண்டியின் பாரத்தில் டயர் அமுங்குவதால் உருளும் சுற்றளவு இன்னும் இரண்டு மூன்று சதவீதம் குறையும். ஆகவே 3.73 போட்டால் 100-ஐத் தொடும் முன் ஒரு கூடுதல் கியர் மாற்றம் கட்டாயம். 3.55-ல் அது மயிரிழையில் தப்புகிறது. ஆழியாறு–வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு, நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதி ஏற்றம் போன்ற சாலைகளை மனதில் வைத்துச் செய்பவருக்கு 3.55 போதும், அதற்கு மேல் போவது வீண் என்பதே எங்கள் தீர்ப்பு.

அறிகுறி: வேகமானி கூடுதலாகக் காட்டுகிறது, ஏபிஎஸ் அல்லது ட்ராக்‌ஷன் விளக்கு எரிகிறது

இது முதல் சில கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். போன் ஜிபிஎஸ்ஸை வைத்துப் பாருங்கள். வாளையாறு தாண்டிய சமநிலமான தேசிய நெடுஞ்சாலை 544 இதற்கு நல்ல இடம். குதிரான் சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் அறுந்துவிடும், அங்கே எடுத்த அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜிபிஎஸ் 80 காட்டும்போது முள் 90-இல் நின்றால், 3.55-ஐ 3.15-ஆல் வகுத்து வரும் 12.7 சதவீதத்துக்கு அது பொருந்துகிறது. அதாவது கம்ப்யூட்டர் கியர்பாக்ஸின் வெளியேறும் தண்டிலுள்ள சென்சாரைப் படித்து, இன்னும் பழைய 3.15-ஆல்தான் வகுத்துக்கொண்டிருக்கிறது. மாற்றத்துக்கு முன்பே முள் இரண்டு மூன்று கி.மீ. கூட்டிக் காட்டியிருக்கும், அதைக் கழித்துப் பாருங்கள்.

விளக்கு எரிவதற்கும் காரணம் அதுவே. சக்கரங்களிலுள்ள ஏபிஎஸ் சென்சார்கள் ஒரு வேகம் சொல்கின்றன, கியர்பாக்ஸ் வேறொரு வேகம் சொல்கிறது. இரண்டும் ஒவ்வாததால் அமைப்பு தன்னை அணைத்துக்கொள்கிறது. சென்சார் மாற்றி, வயர் மாற்றிப் பயனில்லை.

சரி செய்ய: காருக்கு ஏற்ற டியூனர் (கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றி எழுதும் கருவி) அல்லது கம்பெனி ஸ்கேனரில் ரேஷியோவை எழுத வேண்டும். எழுதும் முன் உள்ளிருக்கும் அசல் கோப்பைச் சேமியுங்கள். பேட்டரிக்கு நிலையான சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும், பாதியில் மின்னழுத்தம் விழுந்தால் மாட்யூல் செத்துப்போகும். சில கருவிகள் ரேஷியோவைத் தொட விடாது, டயர் சுற்று எண்ணிக்கையை மட்டும் மாற்றவிடும். அப்போது கிலோமீட்டருக்கு 453 சுற்று என்றிருப்பதை 12.7 சதவீதம் கூட்டி சுமார் 510 என்று கொடுத்தாலும் முள் சரியாகும். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் மாற்றிவிட்டு இப்போது முள் குறைவாகக் காட்டுகிறதே என்று திகைப்பவர்கள் உண்டு.

எழுதிய பிறகும் முள் தப்பினால் டயரை உருட்டி அளங்கள். காற்றழுத்தத்தைச் சரி பார்த்துவிட்டு, டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு போட்டு மூன்று சுற்று உருட்டி, டேப்பால் அளந்து மூன்றால் வகுங்கள். டயரில் அச்சடித்த அளவிலிருந்து போட்ட கணக்கை விட இது நம்பகமானது.

அறிகுறி: பி0731 முதல் பி0735 வரை, அல்லது பி0729 என்ற கோளாறுக் கோடு (ஸ்கேனரில் வரும் குறியீடு) வருகிறது

இதில்தான் பலர் தவறான பக்கம் போகிறார்கள். ‘கியர் ரேஷியோ தவறு’ என்று ஸ்கேனர் சொன்னதும், கிரவுன் மாற்றியதால் வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தக் கோடுகள் கியர்பாக்ஸுக்குள் நுழையும் வேகத்தையும் வெளியேறும் வேகத்தையும் ஒப்பிட்டு வருபவை. கிரவுன் பினியன் அந்த இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது. அது 3.15 ஆனாலும் 3.73 ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே இந்தக் கோடு வந்தால் உள்ளே ஏதோ க்ளட்ச் நிஜமாகவே வழுக்குகிறது, அல்லது ஆயில் குறைவு, அல்லது வேக சென்சாரின் கனெக்டர் வேலையின்போது இழுபட்டிருக்கிறது.

முதலில் கனெக்டரைப் பாருங்கள். பிறகு ஆயில் மட்டம்: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி சமமாக நிற்க, கையேடு சொல்லும் ஆயில் சூட்டில் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் பார்த்த மட்டம் ஏமாற்றும். இரண்டும் சரி என்றால் ஸ்கேனரில் நுழையும் வேகத்தை வெளியேறும் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். மூன்றாம் கியரில் 1.52 வர வேண்டிய இடத்தில் 1.6, 1.7 என்று ஏறி இறங்கினால் அது க்ளட்ச் வேலை, அதற்குத் தனி ஆள் வேண்டும்.

அறிகுறி: முழு ஆக்ஸிலேட்டரில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் முன் எஞ்சின் லிமிட்டரில் (ஆர்பிஎம் உச்சவரம்பில்) முட்டுகிறது

முதல் கியரின் மொத்த ரேஷியோ 13.1-லிருந்து 14.8 ஆகிவிட்டது. எஞ்சின் ஆர்பிஎம் முன்பை விட வேகமாக ஏறுகிறது, ஆனால் க்ளட்ச் பிடிக்க எடுக்கும் நேரம் அதே நேரம்தான். கட்டளை கொடுத்து க்ளட்ச் பிடிப்பதற்குள் முள் சிவப்பைத் தாண்டிவிடுகிறது. டியூனில் முழு ஆக்ஸிலேட்டர் ஷிஃப்ட் கட்டளையை ஒன்று–இரண்டுக்கு மட்டும் 100, 150 ஆர்பிஎம் முன்னதாக வைத்தால் போதும், எல்லாக் கியருக்கும் குறைக்க வேண்டியதில்லை. கூடவே கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் பழகி வைத்திருக்கும் அளவுகளை அழித்துவிட்டு, நிதானமாக எல்லாக் கியரும் ஏறி இறங்கும்படி நகரத்துக்குள் ஓட்டிப் பழக விடுங்கள். அழித்த அன்றைக்குக் கொஞ்சம் அடித்து மாறும், அது கோளாறில்லை.

அறிகுறி: லேசான மேட்டில் கியர் நிலைக்காமல் ஊசலாடுகிறது

80-இல் ஐந்தாம் கியரில் சுமார் 1,870, ஆறாம் கியரில் சுமார் 1,480. முள் கிட்டத்தட்ட 400 குதித்தால் கியர் மாறுகிறது. வழுக்கியது போல 100, 200 மட்டும் மெதுவாக ஏறி இறங்கினால் அது டார்க் கன்வெர்ட்டரின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் பாகம்) லாக்-அப், அதாவது அதை நேரடியாகப் பூட்டும் க்ளட்ச், பிடித்துப் பிடித்து விடுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. கியர் குதிப்பு என்றால் ரேஷியோ எழுதப்படவில்லையா என்று பாருங்கள், அல்லது டியூனில் ஆறாவது ஏறும் வேகத்தை உயர்த்துங்கள். லாக்-அப் ஊசலாட்டம் என்றால் கன்வெர்ட்டர் பிடிக்கும் வேகத்தை மட்டும் தள்ளி வையுங்கள். மலைச்சாலையில் எந்த ஆட்டோமேட்டிக்கையும் ‘டி’-இல் விட்டு ஓட்டக் கூடாது. ஸ்போர்ட் அல்லது கைமாற்றில் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போதும் அப்படியே.

அறிகுறி: ஊளைச் சத்தம்

இதற்குத்தான் அதிகம் பொறுமை வேண்டும். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல் சாலையில் ஜன்னலை இறக்கி, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்து நான்கு விதமாகக் கேளுங்கள்: ஆக்ஸிலேட்டர் அழுத்தும்போது, வேகம் மாறாமல் போகும்போது, காலை எடுத்துவிட்டு வண்டி தானாக வேகம் குறையும்போது, அழுத்தமும் இழுப்பும் இல்லாத இடைநிலையில். குதிரான் சுரங்கத்தின் சுவர் சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும், காது பிடிக்காத மெல்லிய ஊளைகூட அங்கே தெளிவாகும்.

எல்லா நிலையிலும் ஒரே மாதிரி கரகரவென்று உறுமினால், வளைவில் இடது வலது சாயும்போது மாறினால், கிரவுனைச் சந்தேகிக்காதீர்கள். சக்கர பேரிங்கைப் பாருங்கள். காலை எடுத்தால் மட்டும் ஊளையிட்டால் பினியன் பேரிங்கின் இறுக்கம் போதவில்லை என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும், பினியன் நட் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான். அழுத்தும்போது மட்டும் ஊளை என்றால் பல் பொருத்தம், அதாவது பினியன் ஆழம் அல்லது பேக்லாஷ் (பற்களுக்கு இடையேயுள்ள சிறு தளர்வு).

பொருத்தத்தை மறுபடி பார்ப்பது இப்படி. டிஃபரன்ஷியலை இறக்கி மேசையில் வைத்துச் செய்வது நல்லது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டயல் கேஜ் பார்த்தால் அளவு தப்பும். பேக்லாஷை கிரவுனின் சுற்றில் நான்கு இடத்தில் அளங்கள். பெரும்பாலான கிட்டுகள் 0.15 முதல் 0.25 மி.மீ. வரை கேட்கின்றன. உங்கள் கிட்டோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் கணக்கு. நான்கு இடத்துக்குமிடையே பெரிய வித்தியாசம் இருந்தால் கிரவுன் சீராக உட்காரவில்லை: அடியில் பிசிறு, அழுக்கு, அல்லது போல்ட்டை ஒரு பக்கமாக இறுக்கியது. கழற்றித் துடைத்து, புதுப் போல்ட், த்ரெட் லாக்கர் போட்டு, எதிரெதிராகப் பல கட்டமாக இறுக்குங்கள்.

பேக்லாஷ் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்பதைப் பக்கவாட்டு ஷிம்களால் (மெல்லிய இடைத்தகடுகள்) சரி செய்வது. ஒரு பக்கத்தில் எடுத்த அளவை மறுபக்கத்தில் சேர்க்க வேண்டும், மொத்தம் மாறக்கூடாது. மாறினால் பேரிங் இறுக்கம் கெடும். 0.10 மி.மீ. நகர்த்தினால் பேக்லாஷ் சுமார் 0.07 மாறும், இதை மனதில் வைத்துக்கொண்டால் கழற்றி மாட்டும் முறை பாதியாகும்.

பிறகு பல் அச்சு. அச்சுப் பார்ப்பதற்கான மஞ்சள் நிற மார்க்கிங் பேஸ்ட்டை நான்கைந்து பற்களின் இரண்டு முகத்திலும் மெல்லியதாகப் பூசி, கிரவுனை மரக்கட்டையால் அழுத்திப் பிடித்து எதிர்ப்புக் கொடுத்தபடி பினியனைச் சுற்றுங்கள். எதிர்ப்பில்லாமல் சுற்றினால் அச்சு விழாது. அச்சு பல்லின் அடிப்பக்கம் அழுந்தி விழுந்தால் பினியன் கிரவுனுக்குள் அதிகம் போயிருக்கிறது. பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவே ஷிம் இருக்கும் ஃபோர்ட் 8.8 வகை டிஃபரன்ஷியலில் அந்த ஷிம்மைக் குறைக்க வேண்டும். உச்சி விளிம்பில் விழுந்தால் ஷிம்மைக் கூட்ட வேண்டும். முதல் தடவை 0.10 மி.மீ. மாற்றிப் பாருங்கள், பக்கத்தில் வந்ததும் 0.05 என்று இறங்குங்கள். அச்சு பல்லின் நீளவாக்கில் ஓரத்துக்கு ஓடினால் அது பேக்லாஷ் சமாச்சாரம், ஆழம் அல்ல. முன்னோட்ட முகத்தில் (ஆக்ஸிலேட்டர் அழுத்தும்போது பாரம் தாங்கும் பக்கம்) அழகாக விழுந்து எதிர் முகத்தில் கெட்டிருந்தால் திருப்தியடைந்து மூடிவிடாதீர்கள். காலை எடுக்கும்போது வரும் ஊளை அங்கிருந்தும் வரலாம்.

பினியன் பேரிங் இறுக்கம் கடைசி. உள்ளே நசுங்கும் க்ரஷ் ஸ்லீவ் ஒரே தடவைதான் நசுங்கும். இறுக்கம் கூடிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்கக் கூடாது, புது ஸ்லீவ் போட்டே ஆக வேண்டும். ஆகவே கிட் வாங்கும்போதே இரண்டு ஸ்லீவ் வாங்கி வையுங்கள். ஃபோர்ட் 8.8-க்குப் புது பேரிங்கில் சுழற்றும் எதிர்ப்பு 1.8 முதல் 3.3 நியூட்டன் மீட்டர் வரை. இதை அளக்கும் சிறிய டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் காய்கறிக் கடையின் தொங்கு தராசு போதும். ஃப்ளாஞ்சில் (பினியனில் ஷாஃப்ட் மாட்டும் தட்டு) நூலைச் சுற்றி, மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் சீராக இழுத்தால் தராசு சுமார் 3.7 முதல் 6.7 கிலோ வரை காட்ட வேண்டும். அசைக்கும் முதல் நொடியில் காட்டுவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டுவதை எடுங்கள். கிரவுன் மாட்டுவதற்கு முன் அளக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய பேரிங்கையே திரும்பப் போட்டால் இந்த அளவு செல்லாது, அது பாதியளவுக்கு இறங்கும். எங்களைக் கேட்டால் இவ்வளவு வேலை செய்தபின் பழைய பேரிங் போடுவது அநியாயம்.

அறிகுறி: வளைவில் கடகட, அல்லது டக் டக்

மெதுவாக வட்டமடிக்கும்போது கடகடவென்று அதிர்ந்தால் லிமிடெட் ஸ்லிப் க்ளட்ச் தட்டுகளுக்கான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (கியர் ஆயிலோடு சேர்க்கும் திரவம்) சேர்க்கவில்லை அல்லது கியர் ஆயில் வகை மாறிவிட்டது. தாளில் சொன்ன அளவு ஊற்றி, காலி மைதானத்தில் எட்டு வடிவில் பத்துப் பதினைந்து முறை மெதுவாக ஓட்டுங்கள். அடங்காவிட்டால் ஆயிலை மாற்றுங்கள். ஆனால் சக்கரச் சுழற்சிக்குத் தகுந்தாற்போல் டக் டக் என்று ஒழுங்காக அடித்தால் அப்போதே வண்டியை நிறுத்துங்கள். பல் உடைந்திருக்கும். வடிகால் காந்தத்தில் பொடி பூசினாற்போல இருந்தால் இயல்பு, செதில் செதிலாக இருந்தால் திறக்கத்தான் வேண்டும்.

அறிகுறி: 100-ஐ ஒட்டி உடல் அதிர்கிறது, முன்பு இல்லை

பெரும்பாலும் முன்பும் இருந்தது, நீங்கள் அந்த வேகத்துக்குப் போகவில்லை. ப்ரொப்பலர் ஷாஃப்ட் இப்போது அதே சாலை வேகத்தில் 12.7 சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது. 100-இல் சுமார் 2,380 சுற்றிக்கொண்டிருந்தது இப்போது சுமார் 2,680. பழைய கணக்கில் 120-இல் வர வேண்டிய அதிர்வு 106-க்கு வந்துவிடும். ஷாஃப்டைக் கழற்றும்போது ஃப்ளாஞ்சில் குறி வைக்காமல் 180 பாகை திருப்பி மாட்டியிருந்தாலும் இதேதான். முதலில் போல்ட்டைக் கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள், காசில்லாத வேலை. அதன் பிறகு கோவையில் ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் பட்டறைக்குக் கொடுங்கள். 100-க்கு மேல் சோதிப்பதைப் பொதுச்சாலையில் செய்யாதீர்கள், செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

அறிகுறி: பினியன் சீலில் கசிவு, கருகிய வாடை

முதல் ஓட்டத்தில் ஹவுசிங் கை வைக்க முடியாத அளவு சுடுவது புதுப் பல்லுக்கு இயல்பு. அதனால்தான் 20 நிமிடம் நிதானமாக ஓட்டிவிட்டு முழுதாக ஆற விட வேண்டும். அதை இரண்டு மூன்று தடவை செய்து, 800 கி.மீ. வரை முழு ஆக்ஸிலேட்டர், வால்பாறை ஏற்றம், டிரெய்லர் இழுவை எதுவும் வேண்டாம். 800-இல் கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஆனால் பினியன் மூக்குப் பக்கம் மட்டும் மற்ற இடத்தைவிடத் தெளிவாகச் சுட்டு, ஆயிலில் கருகிய வாடை வந்தால் பேரிங் இறுக்கம் அதிகம். ஓட்டி ஓட்டித் தளரட்டும் என்று விடக்கூடாது, நீலம் பாய்ந்த பேரிங் திரும்பாது.

சீல் கசிவுக்கு முதலில் ஹவுசிங்கின் காற்றுத் துளையைப் பாருங்கள். பாலக்காட்டு மழையில் சேறு அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி புதுச் சீலையும் தள்ளும். துளை சுத்தம், மட்டமும் மிகையில்லை என்றால் ஃப்ளாஞ்சில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் சீலை மட்டும் மாற்றுவது மூன்று மாதம்கூடத் தாங்காது, ஃப்ளாஞ்சும் மாற வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கிரவுன் மாற்றம் வெளியே தெரியாது என்றாலும், வேலை முடிந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பழைய கிரவுன் பினியனை ஜோடி பிரிக்காமல் எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது அசலைக் கேட்பவர்கள் வருவார்கள், ஒன்று தொலைந்தால் மற்றது பழைய இரும்புக்குத்தான் போகும்.